சின்னப் பாய்க்கு மாறினால் பயந்தவரா?

காற்று சற்று ஏறினால் போதும், முதல் ஆளாகப் படகைக் கரைக்கு வரவழைத்து, பெரிய பாய்த்தொகுதியான ‘ஏ ரிக்’கைக் கழற்றி, அதைவிடச் சின்னதான ‘பி ரிக்’கை மாட்டிவிடுவார் ஒருவர். ஐஓஎம் எனப்படும் ஒரு மீட்டர் ரேடியோ பாய்மரப் படகுப் பந்தயங்களில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ‘அதுக்குள்ள பயந்துட்டார்’ என்று கரையில் ஒரு சிரிப்பு எழும். சிரிப்பவர்கள் ஆட்டத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள். அவர் பாயை மாற்றுவதே சுக்கானுக்காகத்தான்.

இந்தப் பிரிவில் வீரரின் கையில் இருப்பவை இரண்டே கட்டுப்பாடுகள்: ஒன்று சுக்கானுக்கு, இன்னொன்று பாயை இழுத்துத் தளர்த்த. படகு சொன்னபடி திரும்பவில்லை என்றதும் பலர் சுக்கான்மேல் பாய்கிறார்கள். அகலமான தகடு, அதைத் திருப்பும் வேகமான சர்வோ மோட்டார், ரிமோட்டில் குச்சியின் உணர்திறனை மாற்றும் ‘எக்ஸ்போ’ அளவு என்று காசும் நேரமும் அங்கேயே கரைகின்றன.

கோளாறு இருப்பதோ பாயில். அடக்க முடியாத காற்றைப் பாய் வாங்கும்போது படகு சாய்கிறது. சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும். அதை நேராக்கச் சுக்கானை எதிர்ப்பக்கம் பிடித்தபடியே ஓட்ட வேண்டும். அப்படிப் பிடிக்கும் ஒவ்வொரு பாகையும் பிரேக்தான். இன்னும் அதிகம் திருப்பினால் தகட்டை விட்டு நீரோட்டம் பிரிந்துவிடும். பிறகு சுக்கான் இருந்தும் இல்லாத மாதிரி. தகடு சிறிது, வேகமும் குறைவு என்பதால் பெரிய படகுகளைவிட இங்கே அது சீக்கிரமே நடக்கிறது.

படகின் குறைந்தபட்ச எடை 4 கிலோ. அதில் அடியில் நீருக்குள் நிற்கும் கீல் என்ற தகடும் அதன் நுனி ஈயக்குமிழும் மட்டுமே 2.2 முதல் 2.5 கிலோ. நிஜப் படகில் ஆட்கள் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்துச் சமன் செய்வார்கள்; இங்கே அந்த ஈயத்தை விட்டால் கதியில்லை. காற்றின் வேகம் 10 நாட் (மணிக்குக் கடல் மைல்) என்பதிலிருந்து 14 நாட் ஆனால் பாய்மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஈயம் இரட்டிப்பாகாது.

காற்று வரும் பக்கத்தில் படகுகள் சுற்றித் திரும்பும் மிதவையில் அவரைக் கவனியுங்கள். திரும்பும் முன்பே பாயைத் தளர்த்துகிறார். சாய்வு குறைந்த பிறகுதான் சுக்கானைத் தொடுகிறார், அதுவும் கொஞ்சமாக. பக்கத்திலேயே பெரிய பாயோடு வருபவர் சுக்கானை முழுக்கத் திருப்பியும் படகு காற்றுக்குள்ளேயே ஏறிப் போய் மிதவையைத் தொடும். தண்டனையாக ஒரு முழுச்சுற்று. கரையில் இதற்குத் ‘துரதிர்ஷ்டம்’ என்று பெயர்!

காற்றோடு ஓடும் கட்டம் இன்னும் மோசம். உயரமான பாய் மூக்கை நீருக்குள் அழுத்த, வால் தூக்கிக்கொள்ளும். சுக்கானும் பாதி வெளியே வந்துவிடும். பி ரிக் குட்டை என்பதால் அதே விசை தாழ்வான இடத்தில் வேலை செய்கிறது, மூக்கு மேலே நிற்கிறது. இங்கிலாந்தின் ஃப்ளீட்வுட் ஏரி மாதிரி கடலோர நீர்நிலைகளில், காற்று விட்டுவிட்டு அறையும் நாட்களில், அவர் இடங்களைப் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

காற்று தணிந்தால் அவர் நாலைந்து படகு நீளம் இழக்கிறார், உண்மை. அந்தக் கணக்குத் தெரிந்தே மாற்றுகிறார். பாய்மரத்தைப் பின்னுக்குச் சாய்த்து வைத்துவிட்டு, படகு காற்றுக்குள் இழுக்கிறதே என்று சுக்கானைத் திட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு புரியாது.

அடுத்த பருவத்தில் முன்வரிசைக்காரர்கள் அவரைப் பார்த்துச் சத்தமில்லாமல் சீக்கிரமே மாற்றத் தொடங்குவார்கள். பெரிய சுக்கான்கள் கொஞ்சம் சிறுக்கும். காற்றே இல்லாத ஏதோ ஒரு நாளில் அவர் அவசரப்பட்டுப் பின்தங்குவார், கரை மறுபடி சிரிக்கும். ஆனால் 14 நாட் காற்றில், ஏ ரிக்கோடு பத்துப் பேர் பிடிவாதமாக நிற்கும் ஒரு பந்தயம் அமைந்தால், முதல் மிதவையிலேயே மூன்று நான்கு படகுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வெளிவட்டமாகச் சுற்றிக்கொண்டு முதலில் காற்றோடு கீழிறங்குவது அவருடையதாகத்தான் இருக்கும்.