நகோமியின் மடியும் நந்தா கௌலின் மலைவீடும்

நகோமியின் மடியில் குழந்தை ஓபேதைக் கிடத்தி ரூத்தின் சரிதையை முடிப்பது நமது பிரசங்க வழக்கம். முதியவளுக்கு ஒரு சிறு பிள்ளை துணையானால் அவளது தனிமை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தை அவ்வழக்கம் நம்முள் வேரூன்றச் செய்துவிட்டது. அனிதா தேசாய் ஆங்கிலத்தில் எழுதி 1977இல் வெளிவந்த ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ என்னும் நாவல் அவ்வெண்ணத்தை அசைக்கிறது. மறு ஆண்டிலேயே சாகித்திய அக்காதெமி பரிசு பெற்ற நூல் இது.

துணைவேந்தர் ஒருவரின் விதவையான நந்தா கௌல் கசௌலி மலையில் தனித்து வாழ்கிறாள். எவரும் தன்னைத் தேடி வரலாகாது என்பதே அவள் விருப்பம். டைபாய்டு காய்ச்சலினின்று தேறிவரும் கொள்ளுப்பேத்தி ராக்கா அங்கு அனுப்பப்படுகிறாள். சிறுமியோ கிழவியினும் மிகுதியாகத் தனிமையை நாடுகிறவள். மலைச்சரிவுகளில் தன்னந்தனியே திரிகிறாள். தன்னை நாடாத அப்பிள்ளையிடமே முதியவளின் மனம் சாய்கிறது. அவளைத் தன்னருகே இருத்திக்கொள்ளத் தன் தகப்பனாரைக் குறித்து இல்லாத கதைகளையெல்லாம் புனைந்துரைக்கிறாள். பிள்ளை சலித்து நழுவிவிடுகிறது. நாவலின் சிகரம் இப்பகுதியே என்போம். அன்பு செலுத்திப் பழகாதவள் அன்பு கேட்கும் பரிதாபத்தை இத்துணை உண்மையாகக் காட்டிய இந்திய நூல்கள் சிலவே.

தோழி ஈலா தாஸ் கொலையுண்ட செய்தி தொலைபேசியில் வந்தபின்தான் நந்தாவின் தனிமை அவளாகத் தெரிந்துகொண்டதன்று, அவள்மேல் சுமத்தப்பட்டது என்பது வெளியாகிறது. கணவர் தம் ஆயுள் முழுதும் வேறொருத்தியை நேசித்திருந்தார்; அவள் கிறிஸ்தவளாயிருந்தமையால் மணம் கூடவில்லை. (நம் வாசகர் இவ்விடத்தில் சற்றுத் தாமதித்தல் நலம்.) ஆயினும், ஈலாவின் முடிவு கடைசிச் சில பக்கங்களில் விரைந்து வந்து விழுவது கலைக்குறையே.

தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற அம்பையிடம் இக்குறை இல்லை. ‘சிறகுகள் முறியும்’ (1976) தொகுதியிலுள்ள ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதையில், பூப்பெய்திய சிறுமி ஊரிலில்லாத தாய்க்காக ஏங்கிக் காத்திருக்கிறாள். சகோதரியின் மகளைக் கறுப்பென்று மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவிட்ட கசப்போடு தாய் திரும்புகிறாள். அவளது ஓர் ஏச்சில் மகள் தனியளாகிறாள். தாய் கொடியவளல்லள், பெண்ணை நிறத்தால் எடைபோடும் உலகைக் குறித்த அச்சமே அவள் வாய்வழி பேசுகிறது.

பொத்தேரி ரயில் நிலையத்தையடுத்த குடியிருப்புகளுக்கு வீடு சந்திக்கச் செல்கையில், கல்லூரியில் பயிலும் பேத்திக்குச் சமைத்துப்போடவென்று ஊரைவிட்டு வந்திருக்கும் பாட்டிமாரைக் காண்கிறோம். இருவருக்காகவும் ஸ்தோத்திரம் செலுத்தி, காப்பி அருந்தி எழுந்துவிடுகிறோம். இங்கு வர உங்களுக்கு மனதிருந்ததா அம்மா என்று அவர்களில் ஒருவரையேனும் நாம் இதுவரை கேட்டதில்லை.