ஏழாம் இயலுக்கும் எட்டாம் இயலுக்கும் இடையே

மத்தேயு ரிச்சி என்னும் இயேசு சபைத் துறவி, 1603-ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் சீன மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். ‘விண்ணகத் தலைவரின் மெய்ப்பொருள்’ என்று அதன் பெயரைத் தமிழில் தரலாம். இத்தாலியில் பிறந்து, 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, 1582-இல் மக்காவு சேர்ந்தவர் இவர். தத்துவ போதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது, இந்நூல் சீன அறிஞர் நடுவே கைமாறிக்கொண்டிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2022 டிசம்பரில் ரிச்சியின் வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று, அவரை வணக்கத்துக்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அதன்பின் அவரைப் பாராட்டுவோர் பெருகியுள்ளனர். ஆனால் பாராட்டும் நாவுகள் அவர் சீன அறிஞரின் பட்டாடை அணிந்ததையும், வரைந்த உலகப் படத்தையும் சொல்லி முடித்துவிடுகின்றன. நூலைத் திறப்பவர் குறைவு. 1985-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் துணையால் நாமும் அதைப் படிக்க இயலும். படிக்கும்போது, திருமுழுக்கைப் பற்றி ஒரு கேள்வி எழாமல் போகாது.

நூல் எட்டு இயல்களால் ஆனது. மேலை அறிஞர் ஒருவரும் சீன அறிஞர் ஒருவரும் உரையாடுவதாக அமைந்தது. படைத்தவர் ஒருவர் உண்டென்பது, ஆன்மாவின் அழியாமை, மறுபிறப்பு மறுப்பு எனப் பகுத்தறிவின் வழியே மெல்ல நடந்து, ஏழாம் இயலில் ‘ரென்’ என்ற சொல்லுக்கு வந்து சேருகிறது. கன்பூசியஸ் மரபின் உயிர்நாடி இச்சொல். மனிதத்தன்மை, நேயம், பரிவு எனப் பல வகையில் மொழிபெயர்க்கலாம். உறவினர் மீது செல்வதை அன்பு என்றும், எல்லா உயிர் மீதும் செல்வதை அருள் என்றும் பிரித்து, ஒன்றை இல்லறவியலிலும் மற்றதைத் துறவறவியலிலும் வைத்த குறளின் வைப்பு முறையை அறிந்த நமக்கு இச்சொல்லின் சிக்கல் எளிதில் விளங்கும். ‘ரென்’ பெற்றோரிடம் தொடங்கி, உடன்பிறந்தார், ஊரார், நாட்டார் எனப் படிப்படியாக விரியும். அருளின் பரப்பை அது நாடுகிறது; ஆனால் அன்பின் வாசலைத் தாண்டித்தான் அங்கே போகமுடியும் என்று அம்மரபு அடித்துச் சொல்லும்.

இச்சொல்லைத்தான் ரிச்சி கையில் எடுத்தார். இறைவனை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிப்பதும், அவர்பொருட்டுப் பிறரைத் தன்னைப்போல் நேசிப்பதுமே ‘ரென்’ என்று வரையறுத்தார். அத்துடன் நிற்கவில்லை. நேசிப்பவன் பசித்தவனுக்கு உணவிட வேண்டும், உடையற்றவனுக்கு உடை தர வேண்டும், வீடற்றவனுக்கு இடம் தர வேண்டும், இறந்தவனை அடக்கம் செய்ய வேண்டும் என நாம் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த இரக்கச் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சி, மத்தேயுவின் பெயர் சொல்லப்படாமலேயே சீன மொழிக்குள் நுழைந்துவிட்டது. நூலின் சிறந்த பகுதி இதுவே என்பது என் துணிபு.

அடுத்து எட்டாம் இயல். இயேசுவின் பெயர் நூலில் வருவது இங்குதான். அதுவும் சிலுவையைப் பற்றிய பேச்சின்றி. சமயத்துள் வருவதற்கு வாயிலாகப் புனித நீர் ஒன்று உண்டென்று மேலை அறிஞர் கூறுகிறார். பழைய குற்றங்களுக்கு மனம் வருந்தி, நன்மைக்குத் திரும்ப எண்ணி அந்நீரைப் பெறுபவனின் பழைய தீமைகள் நீங்கும். அவன் அன்று பிறந்த குழந்தையைப் போலாவான் என்பது அவர் தரும் விளக்கம். இவ்வளவே. ஏழாம் இயலின் பசித்தவன் எட்டாம் இயலின் நீரருகே வருவதில்லை. நீர் பெற்றவன் தூயவனானான். யாருக்காகத் தூயவனானான் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

ரிச்சிக்கு நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்வோருக்கான மறைக்கல்வி நூலன்று. வாசலுக்கு வெளியே நிற்கும் அறிஞருக்காக எழுதப்பட்டது. நம்பிக்கை அறிக்கை, கட்டளைகள், அருளடையாளங்கள் முதலியவற்றை வேறு நூலில் அவர் விளக்கினார். குழந்தை உவமையும் அவர் கற்பித்ததன்று. யோவான் நற்செய்தியில் நிக்கதேமுவிடம் ஆண்டவர் பேசிய பேச்சிலிருந்து வருவது. உவமை தவறன்று, ஆனால் அது மட்டும் போதாது. அன்று பிறந்த குழந்தை யாருக்கும் எதுவும் செய்யக் கடமைப்பட்டதன்று. கடன்கள் நீங்கியவனைக் காட்ட அது சிறந்த உவமை. புதிய கடன் ஏற்றவனைக் காட்ட அதனால் இயலாது.

வியப்பு என்னவெனில், அந்த இரண்டாவது உவமை சீன மரபிலேயே ஆயத்தமாக இருந்தது. பழைய சீனச் சடங்கு நூல்கள், இருபது வயது எய்திய இளைஞனுக்கு முடியணி விழா எடுப்பதைப் பேசுகின்றன. மும்முறை மூன்று தலையணிகள் அவன் தலையில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படும். புதுப் பெயர் ஒன்று சூட்டப்படும். எதற்காக? இனி அவன் மகனுக்குரிய, தம்பிக்குரிய, குடிமகனுக்குரிய, இளையவனுக்குரிய கடமைகளைச் செய்ய வேண்டியவன் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பதற்காக என்று அந்நூல்களே விளக்கம் தருகின்றன. நம் திருவழிபாட்டில் தலையில் கிறிஸ்மா எண்ணெய் பூசுகிறோம், பெயரிடுகிறோம், வெண்ணாடை உடுத்துகிறோம், எரியும் திரியைக் கையில் கொடுக்கிறோம். கன்பூசிய அறிஞன் ஒருவன் இதைக் கண்டால், இவன் இப்போது எவருக்கெல்லாம் கடன்பட்டவன் என்றே முதலில் கேட்டிருப்பான். தன்னை அடக்கிச் சடங்கொழுக்கத்துக்குத் திரும்புவதே ‘ரென்’ எனத் தம் அன்பு மாணவர் யான் ஹுய்க்குக் கன்பூசியஸ் போதித்ததாக அவருடைய உரைத் திரட்டு சொல்லுகிறது. சடங்கும் நேயமும் அங்கே இரு இயல்களன்று. எதையும் சீனப்படுத்தத் தெரிந்த ரிச்சி, இந்த ஓரிடத்தில் ஏனோ கைவைக்கவில்லை.

அவர் கற்ற இறையியல் அப்படி என்று சமாதானம் கூறலாம். திரிதெந்து சங்கத்துக்குப் பின்வந்த தலைமுறையினர் பாவம் போக்குவதையே முன்னிறுத்தினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைத் திருமுழுக்கிலும் உறுதிபூசுதலிலும் வேரூன்ற வைத்தது. 1992-இன் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, திருமுழுக்குப் பெற்றவர் இனித் தமக்கு உரியவரல்லர், பிறருக்குப் பணிந்து தொண்டு செய்ய அழைக்கப்பட்டவர் என்று கற்பிக்கிறது. ஏடுகளில் மாறியது இல்லங்களில் மாறிற்றா? பள்ளிச் சேர்க்கைக்கும் திருமணத்துக்கும் சான்றிதழ் கேட்டு வருவோரிடம், இந்த நீர் உங்களை யாரிடம் அனுப்பியது என்று கேட்டால், சாமியாருக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். நாம் பெரும்பாலும் எட்டாம் இயல் கிறிஸ்தவர்கள்.

ஏழாம் இயலைக் கன்பூசியர்கள் நம்மிடமிருந்து கற்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ரிச்சி பெய்ஜிங்கை அடைவதற்கு முன்பே, 1590-இல், ஹெனான் பகுதியில் யாங் டோங்மிங் என்னும் கன்பூசிய அறிஞர், ஒன்றுகூடி நன்மை செய்யும் சங்கம் ஒன்றை நிறுவினார். பின்னர் காவோ பான்லோங் முதலியோர் தம் ஊர்களில் அதைப் போன்ற சங்கங்களை வளர்த்தனர். பணம் திரட்டினர், ஏழைகளுக்கு உதவினர், சவப்பெட்டி வாங்கிக் கொடுத்தனர். நீரின்றியே ‘ரென்’ நடந்தது. அப்படியானால் திருமுழுக்கு எதைக் கூட்டுகிறது? நல்லவர்களாக்குகிறது என்ற விடை பொய்யாகிவிடும். திருமுழுக்குப் பெறாத நல்லவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள்.

என் எண்ணம் இது. அச்சங்கங்கள் பெற்றோரைப் பேணிய மகனுக்கும் கற்பில் நின்ற கைம்பெண்ணுக்கும் முதலிடம் தந்தன. சூதாடிகளையும் சோம்பேறிகளையும் விலக்கின. ஒழுங்குடைய ஏற்பாடு, குறை சொல்ல எளிதன்று. ஆனால் உதவிக்கு முன் தகுதி கேட்கப்பட்டது. திருமுழுக்குத் தொட்டியருகே தகுதி கேட்பதில்லை. தகுதியற்றவனாகவே அங்கே வருகிறோம். தகுதியின்றிப் பெற்றவன் தகுதி கேட்டுக் கொடுக்க முடியாது. உறவு வட்டம் படிப்படியாக விரிகிறது என்ற கன்பூசிய உண்மையை நீர் அழிப்பதில்லை. வட்டத்தின் கடைசியில் நின்றவனை உடன்பிறந்தானாக்கி முதல் படியில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இவ்விரு இயல்களையும் சேர்த்துப் படித்தவர் ரிச்சி அல்லர், அவருடைய வாசகர்கள். ஹாங்சௌ நகரின் யாங் டிங்யூன் 1611-இல் மிக்கேல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அதற்குமுன் அவர், பிடிபட்ட உயிர்களை விலை கொடுத்து வாங்கி விடுவிக்கும் பௌத்தச் சங்கத்தில் ஈடுபட்டிருந்தவர். பின்னர் ‘ரென்ஹுய்’, அதாவது நேயச் சங்கம், நிறுவிப் பசித்த மனிதரிடம் திரும்பினார். பொறியியல் வல்லுநர் பிலிப்பு வாங் செங் ஷான்சி மாநிலத்தில் 1634-இல் அதே பெயரில் சங்கம் கண்டு, இரக்கச் செயல்களையே அதன் விதிகளாக எழுதினார். 1603-இல் பவுல் என்ற பெயர் பெற்ற சூ குவாங்சி வேளாண்மையைப் பற்றி எழுதி, அவர் மறைந்தபின் 1639-இல் வெளிவந்த பெருநூலின் அறுபது பகுதிகளில் பதினெட்டு, பஞ்ச காலத்தில் மக்களைக் காப்பதைப் பற்றியவை. அவற்றில் எவ்வளவு கன்பூசிய அமைச்சருடையது, எவ்வளவு பவுலுடையது என்று பிரிப்பது வீண் வேலை.

எனினும் யாங் டிங்யூனின் வரலாற்றில் ஒரு முள் உண்டு. அவருக்கு இரண்டாம் துணைவி ஒருத்தி இருந்தாள்; அவருடைய புதல்வர் இருவரையும் பெற்றவள். அவளை விலக்காமல் திருமுழுக்கு இல்லை என்று குருக்கள் உறுதியாக நின்றனர். அவளை வேறிடத்தில் வாழ வைத்துவிட்டு அவர் நீரைப் பெற்றார். ஒரே திருமணம் என்ற நெறியில் குருக்கள் தளர்ந்திருக்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். ஆனால் தூய்மை பெற்றவரைப் பேசும் ஏடுகள், அத்தூய்மைக்கு விலை கொடுத்தவளைப் பெயரின்றிக் கடந்துபோகின்றன. அருகிலிருப்பவரிடம் தொடங்கு என்ற கன்பூசியக் குரல் இவ்விடத்தில் நம்மைக் கேள்வி கேட்டால், எட்டாம் இயலிடம் விடை இல்லை.

சூ குவாங்சியின் பேத்தி காந்திதா (1607–1680) பற்றி, அவருடைய ஆன்ம வழிகாட்டியான பிலிப் கூப்ளே என்னும் இயேசு சபைக் குரு எழுதிய வரலாறு 1688-இல் பாரிசில் அச்சேறியது. ரிச்சியின் நூலை முடித்தவர்கள் இதையும் கையில் எடுக்கலாம். வாதங்கள் இதில் இல்லை. ஒரு கைம்பெண்ணின் வரவுசெலவுபோல் நடக்கும் நடை. தெருவில் எறியப்பட்ட சிசுக்களுக்கு அவர் வீடு ஏற்பாடு செய்தார். பிழைக்காத சிசுவுக்குத் திருமுழுக்களிக்க மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். நெருக்கடியில் எவரும் திருமுழுக்களிக்கலாம் என்பது நம் திருச்சபையின் பழைய சட்டம். அதன் பொருளை அப்பெண்கள் அறிஞரைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். ஈன்றவர்களே கைவிட்ட சிசுவை ஏந்தியிருந்த மருத்துவச்சியின் மறு கையில் நீர்க் கிண்ணம் இருந்தது.