பாரிமுனையும் புறக்கோட்டையும்: கேட்காமல் எடுக்கும் படங்கள்

சென்னைப் பாரிமுனைக்கும் கொழும்புப் புறக்கோட்டைக்கும் வேலை ஒன்றுதான். இரண்டும் துறைமுகத்தை ஒட்டி வளர்ந்த மொத்தச் சந்தைகள். இரண்டிலும் தெருவுக்கொரு சரக்கு. சென்னையில் மீன்பாடி வண்டியும் கொழும்பில் நாட்டாமிமார் எனும் சுமைதூக்குவோர் தள்ளும் கைவண்டியும் நடப்பவரை ஓரம் தள்ளுகின்றன. புறக்கோட்டையின் வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கட்டியதே பம்பாயிலிருந்து வந்த ஒரு பார்சிக் குடும்பம்தான். இந்த இரண்டு சந்தைகளுக்கும் விடுமுறை நாள்களில் கேமராவோடு இளைஞர்கள் வருகிறார்கள். 'கேண்டிட்' என்று அவர்கள் சொல்லும் தெருப் புகைப்படத்துக்கு விதி ஒன்றே: யாரையும் நிற்க வைக்கக் கூடாது, சிரிக்கச் சொல்லக் கூடாது, நடப்பதை நடந்தபடியே எடுக்க வேண்டும். அந்த விதியைக் காப்பாற்றப் படும் பாடு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

கருவியில் வேறுபாடு இல்லை. இரண்டு ஊரிலும் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ்தான். முழுச்சட்டக் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டர் வேகம் 1/500 நொடி இருந்தால் மூட்டையோடு ஓடுகிறவரும் கலங்க மாட்டார். கண்ணருகே கேமராவைக் கொண்டுபோய் ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் எதிரே இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். அந்த நேரத்தை மிச்சம் பிடிப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

வெளிச்சம் வேறு. சென்னை கிழக்குக் கடற்கரை, கொழும்பு மேற்கு. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலி முகத்திடலில் கடலுக்குள் இறங்குகிறது. ஆகவே சென்னைக்காரர் நிழலுருவம் எடுக்க விடியலில் எழ வேண்டும். அவருக்குக் கிடைப்பவர்கள் நடைப்பயிற்சிக்காரர்களும் மீனவர்களும். கொழும்புக்காரருக்கு அதே ஒளி மாலையில் கிடைக்கிறது. பட்டம் விடும் பிள்ளைகள், இஸ்ஸோ (இறால்) வடை தின்னும் குடும்பங்கள், கடலைப் பார்த்திருக்கும் காதலர்கள் எல்லாரும் கூடியிருக்கும் நேரம் அது. ஜூன் மாதம் பாரிமுனை வெயிலில் கொதிக்கும்போது புறக்கோட்டையில் தென்மேற்குப் பருவமழை. குடைகளும் ஈரத் தெருவில் விழும் நிறங்களும் அங்கே படமாகின்றன.

இனி மனிதர்கள். பாரிமுனையிலோ தி.நகர் ரங்கநாதன் தெருவிலோ கேமராவைத் தூக்கினால் பெரும்பாலும் வருகிற குரல், "அண்ணா, என்னை ஒண்ணு எடுங்கண்ணா" என்பது. பூக்கடைக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்கிறார், பையன்கள் தோள்மேல் கைபோட்டு வரிசை கட்டுகிறார்கள். கேண்டிட் எடுக்க வந்தவருக்கு இந்த அன்புதான் இடைஞ்சல். தேர்ந்தவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு அதே இடத்தில் நிற்கிறார்கள். கூட்டம் சலித்துப் போய் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவர்களுடைய வேலை ஆரம்பமாகிறது.

புறக்கோட்டையில் முதலில் வருவது கேள்வி: "எதுக்கு எடுக்கிறீங்க?" யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தடியில் அது "என்னத்துக்குத் தம்பி எடுக்கிறியள்?" என்றாகிறது. இதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்வது தவறு. 2009 மே வரை நீடித்த உள்நாட்டுப் போரில் சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும் அன்றாடமாக இருந்த நாடு அது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது. வடக்கில் போராட்டங்களுக்கு வருகிறவர்களைப் புலனாய்வாளர்கள் படம் பிடிப்பதாகப் பலகாலமாக முறைப்பாடு உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி 2017 முதல் தெருவோரத்தில் இருக்கும் தாய்மாருக்கு, ஒரு படம் என்ன செய்யும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெற்கும் இதை 2022இல் பார்த்தது. அரசுக்கு எதிரான காலி முகத்திடல் போராட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் எடுத்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த பின், பொலிஸார் படங்களை வெளியிட்டு, இவர்கள் யார் என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் தெரியாத ஒருவர் தன்னைப் படம் பிடித்தால் காரணம் கேட்பது நியாயம்.

ஆகவே இலங்கைப் படப்பிடிப்பாளர் ஒளிந்து எடுப்பதில்லை. கேமராவை வெளியே தெரியும்படி தொங்கவிட்டு, கடைக்காரரிடம் பிளேன்டீ வாங்கி, யார் எவர் என்று சொல்லி, பிறகுதான் எடுக்கிறார். தமிழும் சிங்களமும் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

மரபிலும் வேறுபாடு உண்டு. இந்தியத் தெருப் புகைப்படம் பெருமளவு பத்திரிகையிலிருந்து வந்தது. 1960களில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் சேர்ந்த ரகு ராய், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோனின் பரிந்துரையில் 'மேக்னம்' புகைப்பட நிறுவனத்துக்குப் போனார். ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் இந்தியத் தெருவை நிறமில்லாமல் பார்க்க முடியாது என்று வாதிட்டு, வாழ்நாளெல்லாம் கலரிலேயே எடுத்தார். இலங்கையில் கலைப் புகைப்படத்தின் பெரிய பெயர் லயனல் வென்ட். பியானோ கலைஞரான அவர் 1944இல் இறந்தார். அவருடைய பலம் இருட்டறை நுட்பமும் ஒழுங்கமைத்த உருவங்களும். 1963இல் 'ஸ்டூடியோ டைம்ஸ்' தொடங்கிய நிஹால் பெர்னாண்டோவின் கேமரா காடுகளையும் பழைய நகரங்களையும் தேடிப் போனது. நகரத்துத் தெரு அங்கே நெடுங்காலம் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது.

சட்டம் இரண்டு நாட்டிலும் அரைகுறை. பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுக்கக் கூடாது என்ற பொதுத் தடை எங்கும் இல்லை. பாதுகாப்பு இடங்களுக்குத்தான் தடை. இந்தியாவில் 'நக்கீரன்' இதழின் ஆசிரியர் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில் 1994லேயே தனித்து விடப்படும் உரிமையை உச்ச நீதிமன்றம் பேசியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். இலங்கையின் 1978 அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளின் வரிசையில் அந்தரங்கம் தனியாகச் சொல்லப்படவில்லை. 2022இல் வந்தது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் ரங்கநாதன் தெருவில் படத்தில் விழுந்த பெண்ணும் புறக்கோட்டையில் விழுந்த நாட்டாமியும் வழக்குப் போடப் போவதில்லை. அவர்கள் மானம் படம் எடுப்பவர் கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லோரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டுமா? 1983 ஜூலை இதற்குப் பதில் சொல்கிறது. பொரளைப் பேருந்து நிலையத்தருகே ஆடை களையப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழர், சுற்றிலும் களிப்போடு நிற்கும் இளைஞர்கள்: 'அத்த' பத்திரிகையின் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த அந்தப் படம், தமிழருக்கு எதிரான வன்முறையான கறுப்பு ஜூலையின் சாட்சியாக நிற்கிறது. அங்கே அனுமதி கேட்டிருந்தால் படமும் இல்லை, சாட்சியும் இல்லை. கேட்காமல் எடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாததற்கு இது போதும். ஆனால் பலம் உள்ளவரின் செயலைப் பதிவு செய்யக் கிடைத்த அந்த உரிமையை, நடைபாதையில் தூங்குகிறவர் மீதும் கைக்குழந்தைக்குப் பாலூட்டுகிறவர் மீதும் செலவழிப்பது வேறு கணக்கு. இந்தியப் போட்டிப் படங்களில் இந்தச் செலவு அதிகம். பிச்சைக்காரரின் சுருக்கம் விழுந்த முகம் கறுப்பு வெள்ளையில் பரிசு வாங்குகிறது. அவருக்கு அது தெரியாது.

கற்றுக்கொள்ள இரு தரப்புக்கும் இருக்கிறது. ஒரே முனைக்குத் திரும்பத் திரும்பப் போய் அந்த ஊரின் மாற்றத்தை ஆவணமாக்கும் இந்தியப் பழக்கம் இலங்கைக்கு வேண்டும். கொழும்பின் சந்தைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன, எடுத்து வைக்காதது மிஞ்சாது. காரணம் சொல்லும் இலங்கைப் பழக்கம் இந்தியாவுக்கு வேண்டும். எடுத்த பிறகு திரையைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழியுங்கள். அருகில் போய்க் காட்டிப் பேசத் துணிவில்லாத படமென்றால், அதை எடுக்காமலே விடுங்கள்.