மேடைப் பேச்சும் ஆய்வுப் பேச்சும்

கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளிலும், சுங்கைப்பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களிலும் பேச்சுப் போட்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றால் மாணவர்க்கு அவையச்சம் நீங்குகிறது. ல, ள, ழ ஒலிகள் திருந்துகின்றன. இப்பயன்களை மறுப்பார் இலர். ஆயினும், பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வை நாடும் மாணவருக்கு இப்பயிற்சி மட்டும் போதுமா? போதாது என்பதே எம் கருத்து.

போட்டியில் நாம் கேட்பது பெரும்பாலும் ஆசிரியர் எழுதித் தர, மாணவர் மனப்பாடம் செய்த உரை. மணி அடித்ததும் மாணவர் மேடையை விட்டு இறங்குகிறார். அவரை ஒருவரும் வினவுவதில்லை. ஆய்வாளருக்கோ பேச்சு முடிந்த பின்னரே சோதனை தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். மெர்போக்கை அடுத்துள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தை, 1959–60ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் அகழ்ந்து ஆராய்ந்தார். ‘கடாரம் வென்ற சோழன் கட்டிய கோயில் இது’ என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் எழும். வாய்மொழித் தேர்விலோ வினா எழும்: ‘இராசேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு கடாரப் படையெடுப்பைக் கூறுகிறது; இக்கோயிலைக் கட்டியதாகக் கூறுகிறதா?’ கூறவில்லை. சான்று இதுவரை, இதற்கு மேல் ஊகம் என்று எல்லை வகுத்துச் சொல்லத் தெரிந்தவரே அங்குத் தலைநிமிர்ந்து நிற்பார்.

இம்முறை மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் பாயிரம் கூறும். ஆசான் குற்றம் கூறக்கூற, ஆசிரியர் விடை பகர்ந்தார் என்பது நச்சினார்க்கினியர் உரை. அரங்கேற்றம் என்பதே வினாவுக்கு விடையளிக்கும் தேர்வாக இருந்தது. அதன் ஒரு பாதியாகிய பேச்சைப் போற்றி, மறுபாதியாகிய விடையை நாம் கைவிட்டோம்.

இதற்கு மாற்று எளியது. ஐந்து நிமிடப் பேச்சை மூன்றாகக் குறைத்து, எஞ்சிய இரண்டு நிமிடத்தை வினாவுக்கு ஒதுக்கலாம். உரையை மாணவரே குறிப்பெடுத்து அமைக்கட்டும். ‘இதனை எவ்வாறு அறிந்தாய்?’ என்று நடுவர் கனிவுடன் கேட்கட்டும். ‘இதற்குச் சான்று எனக்குக் கிட்டவில்லை’ என்னும் நேர்மையான விடைக்கும் மதிப்பெண் உண்டு என்றாகட்டும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற பிள்ளைகள் பின்னர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேச வேண்டியவர்கள். எம்மொழியில் நின்றாலும் அவர்களைக் காப்பது மனப்பாடமன்று, தெளிவே. அத்தெளிவைத் தாய்மொழியில் முதலில் ஊட்டும் வாய்ப்புத் தமிழாசிரியர் கையில் உள்ளது.