பூமணியின் எழுத்துருவாக்கத்தில் ஆசிரியரின் தூண்டுதல்

கோவில்பட்டியிலிருந்து வடகிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழி, பரளச்சி என விரியும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. இந்நிலத்து எழுத்தைப் பேசும் ஆய்வுகள் மண், மொழி, சாதி ஆகியவற்றையே பெரிதும் கருதுகின்றன. வகுப்பறையின் பங்கு அரிதாகவே பேசப்படுகிறது. பேசப்படும்போதும் ஆசிரியரின் சாயலை மாணவரிடம் தேடுவதோடு ஆய்வு நின்றுவிடுகிறது. பூமணியின் எழுத்து அத்தேடலுக்கு இடங்கொடுப்பதில்லை.

கோவில்பட்டியை அடுத்த ஆண்டிபட்டியில் 1947-இல் பிறந்த பூமணியை இலக்கியத்தின்பால் ஆற்றுப்படுத்தியவர் அவருடைய கல்லூரி ஆசிரியர் சி. கனகசபாபதி. அவர் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழில் மரபிலக்கியத்தை நவீன நோக்கில் அணுகி எழுதிய திறனாய்வாளர். மழை பொய்த்த ஆண்டில் பிள்ளையின் படிப்பும் நின்றுபோகக்கூடிய நிலத்தில் அத்தகைய ஒருவரின் கவனம் சிறிய பொருளன்று. எனினும் மாணவரின் முதற் சிறுகதை ‘அறுப்பு’ 1971-இல் வெளிவந்தது ‘தாமரை’யில். ‘எழுத்து’ இலக்கியத்தின் கலைத்தன்மையை முன்னிறுத்தியது. ‘தாமரை’ பொதுவுடைமை இயக்கம் சார்ந்தது. ஊக்கம் பெற்றவர் ஊக்கியவரின் அணியில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இத்தூண்டுதல் இல்லையேல் பூமணி எழுதியிருக்கமாட்டார் என்பது மிகை. அவர் முன்னோடியாகக் கொண்ட கி. ராஜநாராயணன் கல்லூரிக் கல்வி பெறாதவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியரானது வேறு கதை. கரிசல் வழக்கைப் பூமணிக்கு வகுப்பறை கற்பித்திருக்க இயலாது. அங்கு அவர் பெற்றது வாசிப்பு. மரபையும் புதுமையையும் ஒருசேர வாசித்தவரிடம் பயின்றவருக்குத் தம் ஊர் வாழ்வும் இலக்கியத்துக்கு உரியதே என்னும் துணிவு வாய்த்தது வியப்பன்று.

தோல்தொழிலாளி அழகிரியின் வாழ்வைக் கூறும் ‘பிறகு’ (1979) நாவலிலும், கொலை செய்துவிட்டுத் தந்தையோடு தலைமறைவாகும் சிறுவன் சிதம்பரத்தைப் பின்தொடரும் ‘வெக்கை’ (1982) நாவலிலும் கதைசொல்லி விளக்கவுரை தருவதில்லை. சிதம்பரத்தின் செயலுக்குத் தீர்ப்பும் இல்லை. காட்டில் ஒளியவும் உண்ணவும் அவன் கற்பதுகூடத் தந்தையின் பேச்சினூடும் செயலினூடுமே நிகழ்கிறது. இதனை ஆசிரியரின் நேரடித் தாக்கம் எனல் பொருந்தாது. திறனாய்வாளரிடம் பயின்றவர் திறனாய்வுக் குரலைப் படைப்புக்குள் நுழையவிடவில்லை என்பதே கருதத்தக்கது. சாகித்திய அகாதெமி விருது (2014) பெற்ற ‘அஞ்ஞாடி’யில் (2012) மட்டும் இவ்வடக்கம் சற்றே தளர்கிறது, 1899-ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் போன்ற வரலாற்றுப் பகுதிகளில் ஊராரின் பேச்சைவிட ஆவணத்தின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.