நல்லூரில் ஓர் இறைச்சிக் கடை

கற்பனையில் ஒரு நகரத்தைக் கட்டுகிறவன் முதலில் கோட்டையைக் கட்டுவான். பிறகு கொல்லன் பட்டறை, சத்திரம், கோயில். கொஞ்சம் சிரத்தை உள்ளவன் என்றால் ஓர் இறைச்சிக் கடையும் வைப்பான். 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை வெளியிட்ட காலந்தொட்டு இப்படியான ஊர்கள் மேசையிலும் கணினியிலும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எங்கட பொடியன்மாருக்கு அந்த ஊர்களின் சந்துபொந்தெல்லாம் தெரியும். வாப்பா பிறந்த சோனகதெருவைக் கேட்டால் முழிப்பார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஊரும் ஒரு பிரதிதான். பிரதியென்றால் வாசித்துத்தான் ஆகவேணும்.

2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் வைட்ரன் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் சந்தையில் அனோரியத் என்பவன் இறைச்சி விற்கிறான். அவனுடைய சகோதரன் எல்ரிண்டிர் அதே ஊரில் வில்லும் அம்பும் விற்கிறான். ஒருவன் வேட்டையிறைச்சி, மற்றவன் வேட்டைச் சாமான். நல்ல குடும்பத் தொழில். ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு பேரும் அந்த ஊரின் பெரும்பான்மை இனத்தவர் அல்லர். காட்டிலிருந்து வந்த வேற்றினம். அந்த விளையாட்டின் புராணப்படி அவர்களுடைய தாய்நாட்டில் மரஞ்செடிக்குத் தீங்கு செய்யக்கூடாது, ஆகவே இறைச்சியே உணவு. ஆக, ஊருக்கு இறைச்சி வேணும், அதை விற்க வெளியாள் ஒருத்தன் வேணும். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் கை தானாகப் போய் எடுக்கிற பாத்திரப் பகிர்வு இது. அதனாலேதான் அது முக்கியம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே விளையாட்டில் ஊர்க்கோழி ஒன்றை வெட்டிவிட்டால் கிராமமே ஆயுதத்தோடு உங்கள்மேல் பாயும். ஆனால் சந்தையில் இறைச்சி குவிந்திருக்கும். அறுத்தது யார், எங்கே, எப்போது? கேள்வியே இல்லை. இறைச்சி உண்டு, மடுவம் இல்லை.

இந்தக் கண்ணோடு நல்லூருக்கு வருவோம். நல்லூரும் பாதி கற்பனை நகரம்தான். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவெய்ரா பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தான், தலைநகரமும் போயிற்று. மிஞ்சிய யமுனா ஏரியையும் தோரண வாசலையும் மந்திரிமனையையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நூல்களும் நாடக மேடையும் நிரப்பின. சங்கிலியன் நாடகங்களில் அரசன், மந்திரி, துரோகி, பாதிரியார் எல்லாரும் வருவார்கள். முத்திரைச் சந்தை என்று ஊர்வழக்கில் இன்னும் பெயர் இருக்கிறது. அந்தச் சந்தையில் என்ன விற்றது, யார் விற்றது என்று மேடையில் ஒருத்தரும் சொல்ல நான் கேட்டதில்லை.

நல்லூரையும் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய கதை மரபில் இறைச்சி வராமலும் இல்லை. அழுத்தமாக இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, பக்கத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசர் கதை. போர்த்துக்கேய அதிகாரியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கேட்டார்கள். தன் முறை வந்த இரவில் அவர் ஊரைவிட்டே இந்தியாவுக்குப் போய்விட்டார் என்பது. மற்றது மயில்வாகனப் புலவரின் ‘யாழ்ப்பாண வைபவமாலை’ சொல்வது. நல்லூரில் குடியிருந்த சோனகரின் நிலத்தை விலைக்குக் கேட்டார்கள், அவர்கள் கொடுக்கவில்லை; கிணறுகளில் பன்றியிறைச்சி போடப்பட்டது; குடிக்கத் தண்ணியில்லாமல் கிளம்பிய சனம் நாவாந்துறைப் பக்கம் போய்க் குடியேறியது. இந்தச் செய்தியை ஒல்லாந்தர் காலத்துத் தமிழ்ப் புலவர் ஒருவர் ஒளிக்காமல் எழுதி வைத்தார் என்பதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேணும்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இறைச்சி அதிகாரம் கேட்கிற திறை. மற்றதில் ஆட்களைக் கிளப்புகிற ஆயுதம். இரண்டிலும் அது சோறோடு சேர்கிற கறி இல்லை. தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஆடு வாங்கி, பங்கு போட்டு, ஓலையில் கட்டிக்கொண்டு போகிற யாழ்ப்பாணம் எல்லாருக்கும் தெரிந்த யாழ்ப்பாணம்தான். அது ஏன் ஊரின் பெருங்கதைக்குள் வரவில்லை? நல்லூர்த் திருவிழாவில் முழங்கும் தவிலுக்கும் ஒருபக்கம் ஆட்டுத்தோல் வேணும். மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்துகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகம் எழுதியபோதுதான் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். சத்தம் தூய்மை, தோல் தீட்டு என்றால் அது என்ன கணக்கோ.

பிறரை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கட வரலாற்று நூல்களைப் புரட்டுங்கள். கப்பல் வியாபாரி இருப்பார், புலவர் இருப்பார், பள்ளிவாசல் கட்டியவர் இருப்பார், மார்க்க அறிஞர் இருப்பார். இறைச்சிக் கடைக்காரர் ஒரு வரியில், “வேறு தொழில்களும் செய்தனர்” என்ற மாதிரி ஒரு தொகைக்குள் போய்விடுவார். யாழ்ப்பாண நகரத்தில் மாட்டிறைச்சி வியாபாரம் பெரும்பாலும் எங்கட ஆட்களின் கையில் இருந்தது. அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நாமே நினைத்தோம். “ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும்” என்கிற பழமொழியை எங்கட பேச்சாளர்களே மேடையில் எடுத்து வீசுகிறார்கள். அந்தக் கசாப்புக்காரன் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

நமது இலக்கியத்தின் ஆதாரம் இப்படி இல்லை. சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலத்தைப் பெரும்பாலும் மானின் பக்கமிருந்தே பாடம் நடத்துகிறார்கள். வேடன் பக்கமிருந்து ஒருமுறை படிக்க வேணும். நபிகள் நாயகம் (ஸல்) அவனிடமிருந்து மானைப் பறித்து விடவில்லை. மான் அவனுடைய உழைப்பில் கிடைத்தது என்ற உரிமையை ஒத்துக்கொண்டு, அது திரும்பி வரும்வரை தாமே பிணை நிற்கிறார்கள். இறைச்சியால் பிழைக்கிறவனின் உரிமைக்கு அவ்வளவு மதிப்பு. அறுக்கும்போது கத்தியைக் கூராக்கிக்கொள், பிராணியை வதைக்காதே என்ற பொருளில் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸும் அந்தத் தொழிலை ஒளித்து வைக்கவில்லை. அதற்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது.

இந்த நாட்டில் 1893ஆம் ஆண்டின் சட்டமொன்று இறைச்சிக் கடைக்காரரின் அனுமதிப் பத்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. சட்டத்திலும் அரசியலிலும் இந்தக் கடைக்காரர் இருக்கிறார், கதையில்தான் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சோனகதெருவுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டபோது, மற்ற எல்லாரோடும் சேர்ந்து அவரும் வெளியேறினார். அந்த வெளியேற்றத்தைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகளிலும் கதைகளிலும் பூட்டிய வீடு வருகிறது, பள்ளிவாசல் வருகிறது, திறப்புக்கோர்வை வருகிறது. மரக்குற்றியும் தராசும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

புத்தளத்திலும் கொழும்பிலும், திரும்பிப் போய் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற முதியவர்களிடம் வாய்மொழி வரலாறு பதிகிற இளைஞர்கள் இதையும் கேட்கலாம்: மடுவத்துக்கு எத்தனை மணிக்குப் போவீங்க, தக்பீர் சொல்லி அறுத்தது யார், ஈரலையும் பாபத்தையும் வீட்டில் துப்புரவாக்கினது உம்மாவா ராத்தாவா, தோல் எங்கே போனது, நல்லூர்க் கொடியேறினால் யாவாரம் எப்படி, எந்தத் தெரு ஆட்கள் பின்பக்கத்தால் வந்து வாங்கினார்கள், கடன் கொப்பியில் கடைசியாக எழுதின பெயர்கள் எவை.