எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

மன்னார்குடிப் பக்கமோ பாபநாசம் பக்கமோ, பழைய மிராசு வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடக்கும் காரை எழுப்ப வருகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டில் இப்போது குடியிருப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ சம்பாதிக்கும் பேரன் அவர். பட்டறைக்காரரிடம் அவர் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: "கம்பெனியிலேர்ந்து வந்தப்ப எப்படி இருந்துதோ, அப்படியே ஆக்கிக் குடுங்க." தாத்தாவின் வண்டியில் தன் பிள்ளைகளை ஏற்றிப் போக வேண்டும் என்ற ஆசையில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் வண்டியை ஓட வைப்பது ஒரு வேலை. தொழிற்சாலை வாசலுக்கே திருப்பி அனுப்புவது வேறொரு வேலை. முதல் வேலையை மனமாரப் பாராட்டுகிறேன். இரண்டாவதன்மேல் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. காவிரிப் படுகையில் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

தஞ்சைக்கு மோட்டார் வண்டி நேற்று வந்ததல்ல. 1912இலேயே டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். கிராமத்தார் 'பிளஷர்' என்று அழைத்த சொந்தக் கார்கள் ஒவ்வொன்றாக மிராசு வீடுகளில் நுழைந்தன. சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறியது. 1953இல் தீர்வை ஆணையம், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கத் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இங்கே இடம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. மிஞ்சியவர்கள் ஹிந்துஸ்தான், பிரிமியர், ஸ்டாண்டர்டு. முன்பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை யாரும் ஐந்து வருடத்தில் விற்றுவிடவில்லை. கெட்டால் பார்த்தார்கள், பாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள். இன்று புதுப்பிப்பதற்கு ஒரு கார் எஞ்சியிருப்பதே அந்தத் தட்டுப்பாட்டின் தயவுதான்.

இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மையை ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது. உருவம் இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் இங்கத்திய ஹெரால்டு தயாரானது. 948 சிசி எஞ்சின். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் வாய் பிளந்து திறக்கும் பானெட். சின்ன அக்கிரகாரத் தெருவில்கூட ஒரே ஒடியில் திரும்பிவிடும் ஸ்டியரிங். அறுபதுகளின் கடைசியில் இந்தியக் குடும்பங்களுக்காக அதை நான்கு கதவு வண்டியாக்கினார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் தயாராகவில்லை. இதனால் ஒரு வேடிக்கை: எஞ்சின் பாகமோ பிரேக் பாகமோ வேண்டுமென்றால் இங்கிலாந்தில் ஹெரால்டு பிரியர்களுக்காக இன்றும் செய்து விற்கிறார்கள், தருவித்துக்கொள்ளலாம். பின்கதவு துருப்பிடித்தால் உலகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தகடு வெட்டி, சுத்தியலால் தட்டி, அந்த வளைவைக் கையாலேயே கொண்டுவர வேண்டும். ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் எண்பதுகளில் எடுபடாமல் போக, நிறுவனமும் கார் தயாரிப்பை நிறுத்தியது. தமிழ்நாட்டின் அந்தக் கார்த் தொழிற்சாலையைப் பற்றி அருங்காட்சியகங்கள் சொல்வதைவிடக் கொட்டகைகளில் பிழைத்திருக்கும் இந்த வண்டிகள் அதிகம் சொல்கின்றன. அவற்றைக் காப்பாற்றுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பொருளை மீட்பதோடு ஒரு தொழில் வரலாற்றையும் மீட்கிறார்கள்.

இன்னொரு நன்மை கைத்திறன். டெல்டா கார்களுக்கு நல்ல இடமல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் கரைச் சேறு அடித்தட்டில் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் காயாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; நிறுத்திவைத்த காரின் ஒயரையும் சீட்டின் தேங்காய் நாரையும் அது விடாது. அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்பே சட்டம். தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டமும் அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு பிடிக்கும். முட்டுக் கொடுத்து, கதவின் இடைவெளியை அளந்து பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி ஒட்ட வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த டிங்கர்கள் குறைந்துவருகிறார்கள். இப்போதைய கார்களில் நசுங்கிய பாகத்தைக் கழற்றிப் போட்டுப் புதிதை மாட்டுவதுதான் வேலை. தகட்டைத் தட்டி வளைக்கும் கைக்கு அங்கே தேவை குறைவு. பழைய காரைப் புதுப்பிப்பவரின் பணம் அந்தக் கையை இன்னும் சில காலம் உயிரோடு வைத்திருக்கிறது. ஓட்டையில் பட்டி அப்பி மேலே பளபள பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் பட்டறைகளும் உண்டு. அடுத்த மழைக்காலத்திலேயே சாயம் வெளுத்துவிடும்.

இனி என் சந்தேகம். நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1970இல் அது 15 ஆனது. நிலம் சுருங்கிய வீட்டில் புது வண்டி வாங்க வழியில்லை, பெட்ரோல் போட்டுக் கட்டுபடியும் ஆகவில்லை. பலர் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு மட்டாடர் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பானெட்டுக்குள் அதற்கு இடம் பண்ணுவது, ரேடியேட்டரை நகர்த்துவது, அதிர்வைத் தாங்க மவுண்டிங்கைப் பலப்படுத்துவது எல்லாம் உள்ளூர்ப் பட்டறைகளின் மூளை. அந்த டீசல் வண்டிதான் விதை மூட்டை ஏற்றியது, பிரசவத்துக்குத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு ஓடியது, கல்யாணத்துக்குப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போனது. பேரனின் நினைவில் இருக்கும் காரும் அதுதான். பெட்ரோல் எஞ்சினின் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. ஆனால் புதுப்பிக்கும்போது முதலில் பட்டறையைவிட்டு வெளியே போவது டீசல் எஞ்சின். தான் பிறப்பதற்கு முந்தைய ஒரு காரை, தன் குடும்பத்துக் கார் என்று அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

மாற்றுவது நமக்குப் புதுமையும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது அதே சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயு எந்திரம் செய்து கொடுத்தது. பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. அன்று அப்படி மாற்றப்பட்ட வண்டி ஒன்று இன்று கிடைத்தால், அதைப் பிடுங்கிவிட்டு 'ஒரிஜினல்' ஆக்குவோமா?

தஞ்சைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பெரிய கோயிலிலேயே இருக்கிறது. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அடியில் இருப்பதுதான் அசல் என்று மேலே இருந்ததைச் சுரண்டி எறிந்திருக்கலாம். தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கைப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்து, இரண்டையும் காப்பாற்றியது. கார்களுக்கும் இந்த நிதானம் வந்துவிட்டது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், ஒரு வண்டி வழக்கமாக ஓடிய காலத்தில் செய்யப்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுச் சாட்சிகளே, உற்பத்தி ஆண்டின் தோற்றத்துக்கே அதைத் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. நம் பேரணிகளிலும் போட்டிகளிலும் மதிப்பெண் இன்னும் அசல் நிலைக்குத்தான்.

சட்டமும் அந்தப் பக்கமே சாய்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவும் 'வி.ஏ.' என்று வரும் எண்ணும் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் சேசிஸ், உடல், எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கூடாது. அதாவது உழைத்துத் தேய்ந்து மாறிய காருக்கு அந்தஸ்து கிடையாது. அந்தஸ்து வாங்கிய காரில் கும்பகோணம் சந்தைக்குப் போய் வர முடியாது. அழிவிலிருந்து வண்டிகளைக் காக்க வந்த விதி, அவை உயிரோடு இருந்த காலத்தையே குற்றமாக்குகிறது.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு. டெல்டாவில் கார் வெறும் வண்டியாக இருந்ததில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, அவர்கள் பெரும் நிலக்காரர்கள், முதல் எதிரியிடம் கார்கூட இருந்தது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருள்படத் தீர்ப்பில் எழுதியது. கார் வைத்திருப்பது ஒருவரின் யோக்கியதைக்குச் சான்றாக நீதிமன்றம் வரை போன மண் இது. அந்தக் காலத்து வண்டியைத் துடைத்து நிறுத்தி, பக்கத்தில் தாத்தாவின் படத்தையும் மாட்டி, 'பாரம்பரியம்' என்று எழுதிவைப்பவர் இதை ஒரேயடியாக மறந்துவிட முடியாது. எல்லா மிராசு வீடும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலையில் ஹேண்டில் போட்டு எழுப்பியவர், குளத்தடியில் கழுவியவர், பிளாட்டினம் பாயிண்டில் மணல்தாள் தேய்த்து நடுவழியில் கிளப்பியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு "டிரைவர் ஒருத்தர் இருந்தார்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. வண்டியை உண்மையில் அறிந்தவர் அவர்தான். வீட்டுப் பெண்களின் நினைவுகளும் இப்படியே விட்டுப்போகின்றன, ஆர்.சி. புத்தகம் மகனிடமிருந்து மகனுக்குப் போகிறது. புதுப்பித்த காரோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்து, யார் ஓட்டினார், எந்த ஆண்டு எந்த எஞ்சின், எங்கே எது வெட்டி ஒட்டப்பட்டது என்று எழுதியிருந்தால் அந்த வேலைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். பெயிண்டின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன்.

அசலை அப்படியே வைத்து ஓட்டுவது எப்படியும் நடக்காத காரியம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் சவ்வும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் அதைத் தாங்கா. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து டாங்கைத் துருவாக்கும். அந்த எத்தனாலில் ஒரு பங்கு உணவுக் கழகக் கிடங்கு அரிசியிலிருந்து வடிப்பது. நெல் விற்று வாங்கிய காரை அரிசிச் சாராயம் அரிக்கிறது. எத்தனால் தாங்கும் குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும். சீட் பெல்ட்டும் மாட்டுங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை விக்கிரவாண்டி சாலையில் ஓட்டிக்கொண்டு அசலைப் பற்றிப் பேசுவது விவேகமல்ல.

ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வது நல்லது: எந்த ஆண்டுக்குத் திரும்பப் போகிறோம்? வாங்கிய 1964க்கா, டீசல் ஏற்றிய 1985க்கா? இரண்டாவது என்றால் செலவும் குறையும். மட்டாடர் பாகம் தேடுவது ஹெரால்டின் பின்கதவு தேடுவதைவிட எளிது. முதலாவதுதான் வேண்டுமென்றால், இறக்கிய டீசல் எஞ்சினை இரும்புக் கடைக்குப் போடாமல் கொட்டகையிலேயே வைத்திருக்கலாம். பழைய கார்ச் சங்கங்கள் செய்ய வேண்டியது, காலத்தில் மாற்றப்பட்ட வண்டிகளுக்கென்று போட்டியில் ஒரு தனி வகுப்பு. அரசு செய்ய வேண்டியது, விதியில் ஒரு திருத்தம்: எஞ்சின் மாற்றம் அன்றே ஆர்.சி.யில் முறைப்படி பதிவாகியிருந்தால், அதுவே அந்த வண்டியின் அசல் என்று ஏற்றுக்கொள்வது.